வெளிப்பக்கம் திறக்கும் கதவு

ஆர்க்கிடெக்டம்மாவின் வீட்டில் வாசல் கதவை விட்டால் வேறு கதவே கிடையாது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கிடையாது. படுக்க ஒரு மூலை, சமைக்க ஒரு மூலை, படிக்க ஒரு மூலை. நடுவில் சுவர் என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை. குளியலறைக்கு மட்டும் சுவர் உண்டு, அதற்கும் கதவுக்குப் பதில் கனத்த திரை ஒன்று தொங்கும். வருகிறவர்கள் எல்லாரும் எவ்வளவு காற்று, எவ்வளவு வெளிச்சம் என்று வாயைப் பிளப்பார்கள். அப்புறம் குளியலறைப் பக்கம் போக வேண்டி வந்ததும், அவசர வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

எல்லாம் மகளுக்காகத்தான். அவளை வீட்டில் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவைவிட ஒரு சாண் உயரமாக வளர்ந்த பிறகும் வாண்டுதான். ஒன்பது வயதில் ஒருநாள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குளிக்கும்போது அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. அதுதான் முதல் தடவை. உள்ளே தண்ணீர் கொட்டுகிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. அப்பா கணக்கு வாத்தியார். சாக்பீஸைத் தவிர கனமாக எதையும் தூக்கியறியாத மனுஷர், தோளால் இடி இடியென்று இடித்தார். தாழ்ப்பாள் பெயர்ந்தது, கதவு நகரவில்லை. அது உள்பக்கம் திறக்கிற கதவு, பிள்ளை அதன் மேலேயே சாய்ந்து கிடந்தாள். தள்ளத் தள்ள அவளைத்தான் நசுக்கியது. எப்படியோ சந்து வழியாகக் கையை விட்டு இழுத்தெடுத்தார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். பெற்றவள்தான் அந்தக் கதவுக்கு வெளியே செத்துப் பிழைத்ததை இன்றுவரை மறக்கவில்லை.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, குளிக்கும்போது தாழ்ப்பாள் வேண்டாம், மற்றபடி எல்லாப் பிள்ளைகளையும் போல வளரட்டும் என்றார். அதில் முதல் பாதிதான் ஆர்க்கிடெக்டம்மாவின் காதில் ஏறியது. வீட்டின் வரைபடத்தை விரித்துவைத்து, அடுப்படியில் நிற்கிற ஆளின் கண்ணிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்தாள். கோடு எந்தச் சுவரில் முட்டியதோ அந்தச் சுவர் போயிற்று. இது வீடா விளையாட்டு மைதானமா என்று வாத்தியார் முணுமுணுத்தார். ஆனாலும் அன்றைக்கு ராத்திரி முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினவர் அவர்தான்.

இதில் கூத்து என்னவென்றால், மனசு அமைதியாவதற்கான இடங்களைக் கட்டுவதில்தான் ஆர்க்கிடெக்டம்மாவுக்குப் பேர். தியானக் கூடம், பிரார்த்தனை அறை, ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து மூச்சு விட ஒரு மௌன அறை, இப்படி. கூட்டங்களில் மைக்கைப் பிடித்து, ஒரு மனுஷன் தன்னோடு தானாக இருக்க ஓரிடம் இல்லாவிட்டால் அது வீடில்லை, கொட்டகை என்று பேசுவாள். கைதட்டல் கூரையைப் பிய்க்கும். பேசி முடித்துவிட்டு நேராகத் தன் கொட்டகைக்கு வந்து சேருவாள். அம்மாடி, உனக்கே இது உறைக்கவில்லையா என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் டியூஷன் முடிந்து வர வேண்டிய நேரத்துக்கு வாண்டு வரவில்லை. முதலில் பஸ் தாமதம் என்று அம்மா நினைத்தாள். அப்புறம் போன் செய்தாள், அணைத்து வைத்திருந்தது.  டியூஷன் டீச்சரைக் கூப்பிட்டால், அந்த அம்மாள் நிதானமாக, உங்கள் பெண் நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறதே, நீங்கள்தான் நிறுத்தச் சொன்னதாகச் சொன்னாளே என்கிறாள். 

ஒரு மாதமாகப் பெண் தினமும் சாயங்காலம் எங்கேயோ போய்வந்துகொண்டிருக்கிறாள். வீட்டில் கொட்டாவி விட்டால்கூடத் தெரிந்துகொள்கிற அம்மாவுக்கு இது தெரியவில்லை. கேட்டால் டியூஷனில் கணக்குப் பாடம் நடந்தது என்று முகம் மாறாமல் சொல்லியிருக்கிறாள். வாத்தியார் பரீட்சைக் கண்காணிப்பில் இருந்தார், போனை எடுக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு கிளம்பியவள் பஸ் நிறுத்தத்தில் பார்த்தாள், பூங்காவில் பார்த்தாள், சாக்கடை ஓரமாகக்கூட வண்டியை உருட்டிக்கொண்டே பார்த்தாள். வலிப்பு வந்து வருஷம் ஆகப் போகிறது, வராது, வராது என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. மனசு கேட்கவில்லை. கடைசியில் எந்தப் பெற்றவளும் போகக் கூசுகிற இடத்துக்கு வண்டியைத் திருப்பினாள், பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

அங்கே அப்படி யாரும் கொண்டுவரப்படவில்லை என்றார்கள். போன உயிர் பாதி திரும்பிற்று. வாசல் காவலாளி அவளை அடையாளம் கண்டுகொண்டு வணக்கம் வைத்தார். மௌன அறை கட்டிய காலத்துப் பழக்கம். ஏன் இப்படி வேர்த்து விறுவிறுத்து நிற்கிறீர்கள் என்று விசாரித்தவர், விஷயம் தெரிந்ததும் சிரித்தேவிட்டார். "உங்க பொண்ணுதானேம்மா? மேல உங்க ரூம்லதான் இருக்கும். தினமும் வருமே, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. படியேறிப் போகும்போது அந்த ஒரு வார்த்தைதான் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

அந்த அறையை அவள் திறப்பு விழாவுக்குப் பிறகு எட்டிப் பார்த்ததில்லை. நடைபாதை இரண்டு தடவை வளைந்து போகும். ஒவ்வொரு வளைவிலும் ஆஸ்பத்திரிச் சத்தம் கொஞ்சம் கழன்று விழும். நுழைகிற இடத்தில் கூரை தாழ்வு, உள்ளே போகப் போக உயரும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறதென்று தெரியாது, வரும். இவ்வளவையும் தலையால் தண்ணீர் குடித்து வரைந்தவள் அன்றைக்கு எதையும் பார்க்கவில்லை. கனத்த மரக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

டிரைவர் உடுப்புப் போட்ட ஒருவர் பெஞ்சில் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். இன்னொரு பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மூலையில் தரையில், சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வாண்டு. கண் மூடியிருந்தது. உதடு மட்டும் அசைந்தது. அம்மாவுக்கு அது போதும். ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கி, கட்டைவிரலால் கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள். என்னைப் பார், என்னைப் பார் என்று அவள் போட்ட சத்தத்தில் டிரைவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அம்மா, விடும்மா. எனக்கு ஒண்ணுமில்ல. கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

அழுதுகொண்டிருந்த பெண்மணி அழுகையை நிறுத்திவிட்டு இவர்களையே பார்த்தாள். ஆர்க்கிடெக்டம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. பெண்ணின் கையைப் பிடித்து வெளியே நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். வந்ததும் பயமெல்லாம் கோபமாகப் புரண்டது. பொய் சொன்னாயா, போனை அணைத்தாயா, இங்கேயே விழுந்திருந்தால் யாருக்குத் தெரியும் என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் வாண்டு தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கும்பிடுவதை வீட்டிலேயே கும்பிட்டால் என்ன என்று கேட்டபோதுதான் நிமிர்ந்தாள்.

"வீட்ல நான் கண்ணை மூட முடியுமாம்மா?"

 போன வருஷம் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது வாண்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள். வாத்தியார் தட்டை எறிந்துவிட்டுப் பாய்ந்து, அவளைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, சட்டைக் காலரைத் தளர்த்திவிட்டார். சாமியை நினைத்தேன் அப்பா என்று கீழே கிடந்தபடியே அவள் சொன்னாள். அப்புறம் மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தக் கதையை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அன்றையிலிருந்து பெண் வீட்டில் கண்ணை மூடி உட்காருவதே இல்லை என்பதை மட்டும் ரெண்டு பேரும் கவனிக்கவில்லை.

"கண்ணைத் திறந்துக்கிட்டே கும்பிட்டுப் பாத்தேன். எங்க பாத்தாலும் நீதாம்மா தெரியற. அடுப்படியில நின்னு என்னையே பாத்துக்கிட்டு" என்றாள் வாண்டு. அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் அம்மாவைக் கொன்றது. "இங்க வந்தா யாரும் என்னைப் பாக்கல. முதல் நாள் நல்லா அழுதேன். எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? நான் சாகாம இருக்கறதுக்கு வீடு கட்டியிருக்க நீ. நான் இருக்கறதுக்கு ஓரிடம் கட்டல."

அம்மா பெண்ணைக் காரில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

வீட்டில் அதற்கப்புறம் சில நாள் முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. பெண் கேட்டது ஒரே ஒரு கதவு. கண்ணாடி வேண்டாம், திரை வேண்டாம், மூடினால் மூடுகிற கதவு. அதெல்லாம் நடக்காது என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். வாத்தியார் வழக்கமாக ரெண்டு பக்கமும் தலையாட்டுகிறவர். இந்தத் தடவை ஒரு பக்கமும் ஆட்டவில்லை. ஆஸ்பத்திரியில் நடந்ததைக் கேட்டதிலிருந்து மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. தட்டை எறிந்தவர் அவர்தானே. ஒருநாள் சாயங்காலம் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்தார்.

"இன்னொரு தடவை கதவை இடிக்க என் தோள்ல தெம்பு இல்ல" என்றார். "இடிக்க வேண்டாத கதவா ஒண்ணு போடேன். நீ ஆர்க்கிடெக்ட்தானே?"

ஊருக்கெல்லாம் அறை வரைந்து கொடுத்தவளுக்கு ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு மூலையை வரைய முடியவில்லை. வரைவாள், அழிப்பாள், எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பாள். எங்கே விழுவாள், தலை எங்கே முட்டும், கால் எங்கே உதைக்கும் என்று தன் பெண் விழுவதைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் விழவைத்துப் பார்த்துத்தான் அந்த அறையை வரைந்தாக வேண்டியிருந்தது. எந்தப் பெற்ற வயிறு அதைத் தாங்கும்? தரைக்கு மெத்தென்ற தடித்த ரப்பர் விரிப்பு. சுவருக்கு முழங்கை உயரம் வரை பஞ்சு வைத்துத் தைத்த துணி. உட்காரத் தாழ்வான ஒரு பலகை, விளிம்பெல்லாம் உருட்டி. மேலே ஆகாயம் தெரிகிற மாதிரி ஒரு ஜன்னல். கதவு வெளிப்பக்கம் திறக்கும். தாழ்ப்பாளை உள்ளேயிருந்து போடலாம், வெளியிலிருந்து ஒரு நாணயத்தைப் பிளவில் வைத்துத் திருப்பினால் திறந்துகொள்ளும். டாக்டரிடம் காட்டினாள். அவர் அந்தக் கதவைப் பார்த்துவிட்டுச் சரியென்றார்.

வரைபடங்களுக்கு நடுவே தவழ்ந்து வளர்ந்த பெண்ணல்லவா, வாண்டு தாளை வாங்கிப் பார்த்ததும் விரலை நேராக ஓரிடத்தில் வைத்தாள். கூரைக்குப் பக்கத்தில் பொட்டு அளவுக்கு ஒரு வட்டம். இது என்ன என்று கேட்டாள். காற்றுக்கு என்றாள் அம்மா. இவ்வளவு சின்ன ஓட்டையில் என்ன காற்று வரும் என்று கேட்டுவிட்டு, பெண் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். கேமராவா என்று அவள் கேட்கவில்லை, இல்லை என்று இவளும் சொல்லவில்லை. ஆர்க்கிடெக்டம்மா ரப்பரை எடுத்து வட்டத்தை அழித்தாள். அழித்த இடம் அழுக்காகத் தெரிந்தது.

கதவை மாட்ட வந்த தச்சர், வீட்டுக்குள்ளே யாராவது வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி போடுவார்களா, போகிற வருகிறவர்கள் மூக்கு உடையுமே என்று கேலி பண்ணிக்கொண்டே மாட்டிவிட்டுப் போனார். ஒப்பந்தம் ஒன்று போட்டுக்கொண்டார்கள். மாத்திரை தவறக் கூடாது, உள்ளே போகுமுன் சொல்லிவிட்டுப் போக வேண்டும், வெளியிலிருந்து தட்டினால் உள்ளேயிருந்து ஒரு தட்டு பதில் வர வேண்டும். பதில் வராவிட்டால் நாணயம்.

முதல் நாள் கதவு மூடிக்கொண்டதும் அம்மாக்காரி போட்ட கூத்தைச் சொல்லி முடியாது. பெருக்கின இடத்தையே பெருக்கினாள். மூச்சுக்கு ஒரு தடவை தட்டினாள். உள்ளேயிருந்து டொக் என்று பதில் வரும், இவள் விளக்குமாற்றோடு திரும்புவாள், திரும்பின கையோடு மறுபடி தட்டுவாள். கடைசியில் வந்த பதில் காலால் உதைத்த பதில். வாத்தியார் கதவைப் பார்த்தபடி தாள் திருத்தினார். அன்றைக்கு அவர் கையில் மாட்டின பிள்ளைகளெல்லாம் தப்பான விடைக்கும் மார்க் வாங்கிவிட்டார்கள்.

நாளாக நாளாகத் தட்டுவது குறைந்தது. பயம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன், அது அப்படியேதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு வேறு வேலை பார்க்கப் பழகினாள், அவ்வளவுதான். ஆனால் ஒன்றைக் கவனித்தாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிற பெண், நேராக அடுப்படிக்கு வந்து மேடைமேல் ஏறி உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். பள்ளியில் யார் யாரோடு சண்டை, எந்த டீச்சர் தூங்கி விழுந்தார், எல்லாம். கேட்காமலே வந்தது. கதவில்லாத வீட்டில் இத்தனை வருஷம் இந்தப் பேச்சு எங்கே இருந்தது என்று அம்மாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்படி ஒரு விடுமுறை நாள் மதியம். வாத்தியார் வெளியே போயிருந்தார். ஆர்க்கிடெக்டம்மா போனில் யாரோ ஒரு கட்டடக்காரரிடம் சிமென்ட் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். உள்ளே தொம்மென்று ஒரு சத்தம். அப்புறம் பலகையைக் கால் உதைக்கிற மாதிரி விடாமல் ஒரு சத்தம். தட்டினாள். பதில் இல்லை. இன்னொரு தடவை தட்டினாள். பதில் இல்லை. நாணயம் கையிலிருந்து நழுவி உருண்டது, குனிந்து எடுத்தாள், பிளவில் வைத்தாள். திருப்பினாள். கதவு வந்தது.

வந்தேவிட்டது. நினைத்து நினைத்து நடுங்கிய அதே காட்சி, உடம்பு விறைத்து வெட்டி இழுத்தது, வாயோரம் நுரை. ஒருக்களித்துத் திருப்பினாள், தலைக்குக் கீழே தன் கையையே கொடுத்தாள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆம்புலன்ஸ் என்பது டாக்டரின் கணக்கு. அதற்குள் இழுப்பு தளர்ந்து, நின்று, பெண் நீளமாக மூச்சு விட்டாள். நாக்கைக் கடித்ததில் உதட்டில் ரத்தம். தலை விரிப்பின் மேல் விழுந்திருந்ததால் ஒரு கீறல்கூட இல்லை. டாக்டருக்குப் போன் செய்தாள். சேர்ந்தாற்போல் இன்னொன்று வந்தால் உடனே கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டு நாளைக்கு அழைத்துவாருங்கள் என்றார்.

பெண் அசந்து தூங்கினாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மனசில் ஓடினது ஒன்றே ஒன்றுதான், இந்தச் சனியன் பிடித்த கதவைக் கழற்றித் தெருவில் வீச வேண்டும். கீலுக்கு எத்தனை திருகாணி என்பது அவளுக்குத் தெரியும், திருப்புளி எந்த அலமாரியில் என்பதும் தெரியும். ரெண்டு தடவை எழப் போனாள். தூங்குகிற பிள்ளையின் கை அவள் முந்தானையைப் பிடித்திருந்ததால் எழவில்லை, அவ்வளவுதான்.

வெயில் சாய்கிற நேரத்தில் வாண்டு கண் விழித்தாள். அம்மாவைப் பார்த்தாள். தலையைத் திருப்பி, திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள். நடந்தது புரிந்ததும் அவள் முகம் சுருங்கிப்போயிற்று.

"வந்துடுச்சா?"

"ம்."

"கதவைக் கழட்டிடுவியாம்மா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.  பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலிப்புக்குக்கூட இந்தப் பிள்ளை இவ்வளவு பயந்து அவள் பார்த்ததில்லை.

"மாட்டேன்" என்றாள்.

"பயமா இல்லையா உனக்கு?"

"உசிரே போகுதுடி. ஆனாலும் கழட்ட மாட்டேன்."

வாண்டு நம்பினாளோ இல்லையோ, அழுதாள். அம்மாவும் அழுதாள். அழுது முடித்து முகம் கழுவி, டீ போட்டுக் குடித்தார்கள். ஒரு தடவை எழுந்து நடக்கச் சொல்லிப் பார்த்தாள், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள், அப்பா பேர் என்ன என்று கேட்டாள். வாத்தியார் என்று சொல்லிப் பெண் சிரித்தாள். தெளிந்துவிட்டாள் என்று அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே இருந்து பார்த்துவிட்டுத்தான் நம்பினாள்.

அப்போது வாண்டு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "கொஞ்ச நேரம் மூடிக்கட்டுமா? அப்ப கும்பிட்டது பாதியில நின்னு போச்சு."

இன்றைக்கு வேண்டாமே என்று மனசு கெஞ்சியது. ஆர்க்கிடெக்டம்மா விரிப்பை இழுத்து நேராக்கினாள், தலையணை ஒன்றைச் சுவரோரம் வைத்தாள், தண்ணீர்ப் பாட்டிலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள். வைப்பதற்கு வேறொன்றும் இல்லாமல் போனதும் வெளியே வந்து, தன் கையாலேயே கதவைச் சாத்தினாள். தட்டினாள். உள்ளேயிருந்து டொக் என்றது.

அங்கேயே நின்றாள்.  அப்புறம் உள்ளே மெதுவாகப் பேச்சுக் குரல் கேட்டது. யாரிடமோ எதையோ விட்ட இடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள் பெண். வார்த்தை பிடிபடவில்லை. நடுவில் "அம்மாவுக்கு" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. அம்மாவுக்கு என்ன? இவள் காது தானாகக் கதவோடு போய் ஒட்டியது. இன்னும் ஒரு நொடி நின்றால் மீதியும் கேட்டுவிடும். ஆர்க்கிடெக்டம்மா விடுவிடுவென்று அடுப்படிக்குப் போய், குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, கழுவின பாத்திரங்களையே எடுத்துப் போட்டு மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.